முதுகு மட்டும்

எங்கள் வீட்டுப் பெரியவர் யாரையும் தலையில் அடித்தது கிடையாது. கன்னத்தில் அறைந்தது கிடையாது, காலால் உதைத்தது கிடையாது, அடிக்கும்போது ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்தது கிடையாது. முதுகில் மட்டும்தான் அடிப்பார். கயிற்றால் அடிப்பார், அதுவும் தேங்காய் நார்க் கயிறு. கடைத்தெரு முழுக்க நைலான் கயிறு தொங்கினாலும் தொடமாட்டார். சாஸ்திரம் எழுதின காலத்தில் நைலான் ஏது என்பார். இதை இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் கூட இருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் டப்பாவை மூடிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுவேன்.

பெரியவர் என்றால் கிழவர் இல்லை. நான் கல்யாணமாகிப் போனபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். வீட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். பாகலூர் ரோட்டில் ஒன்பது பவர் பிரஸ் போட்டு ஷாப் நடத்தினார். இரும்புத் தகட்டை அச்சின்மேல் வைத்துப் பட்டனை அழுத்தினால், மேலேயிருந்து இன்னொரு அச்சு இறங்கி ஒரே அடி; வண்டிகளுக்குப் போடுகிற பிராக்கெட் கீழே விழும். அதுதான் தொழில். கீழே ஷாப், மேலே வீடு. ஒன்பதும் சேர்ந்து ஓடினால் சமையலறையில் தட்டெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு மத்தியானத் தூக்கமே வராது.

அந்தப் புத்தகம் கோயிலிலிருந்தோ மடத்திலிருந்தோ வரவில்லை. பழைய பேப்பர்க் கட்டில் வந்தது. பிராக்கெட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் பேப்பர் வைத்துத்தான் பெட்டியில் அடுக்குவோம். அதற்காகக் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் வாங்குவார்கள். அட்டையும் முன்னால் இருந்த முப்பது நாற்பது பக்கமும் பிராக்கெட்டோடு பெங்களூருக்குப் போன பிறகுதான் அது பெரியவர் கண்ணில் பட்டிருக்கிறது. உலகம் எப்படி உண்டானது என்பதெல்லாம் போன பக்கங்களில் இருந்திருக்கும். மிச்சம் இருந்தது யார் யாரை என்ன செய்யலாம் என்பதுதான். எந்த முனிவர் சொன்னது, யார் தமிழில் போட்டது என்று அவருக்கும் தெரியாது. சாஸ்திரம் என்பார், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அப்பா செத்ததும் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஆறு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசூருக்கு வந்தவர். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. எது சரி, எது தப்பு, எவ்வளவு கோபப்படலாம் என்று தானாக யோசித்து யோசித்துச் சலித்துப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றும். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் எண் போட்டு எழுதின ஒரு புத்தகம் கையில் கிடைத்துவிட்டது. மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் எப்போதும் இருக்கும். பிடித்த விதிக்கு அடியில் கோடு போடுவார். பிடிக்காததற்குப் போடமாட்டார். கோடு போட்டது மட்டும்தான் அந்த வீட்டில் சட்டம்.

அவர் கோடு போட்டதிலேயே அழுத்தமாகப் போட்டது ஒன்று உண்டு. தப்பு செய்தால் கயிற்றாலோ பிளந்த மூங்கிலாலோ அடிக்கலாம், இன்னின்னாரை அடிக்கலாம் என்று ஒரு பட்டியல். மனைவி, மகன், வேலைக்காரன், பாடம் கேட்கிறவன், கூடப் பிறந்த தம்பி. முதுகில்தான் அடிக்க வேண்டும், தலையில் பட்டால் அடித்தவன்தான் குற்றவாளி. இந்த விதியைப் பேப்பர் கிழியும் அளவுக்கு இரண்டு முறை கோடு போட்டிருந்தார்.

நான் முதலில் பார்த்தது கல்யாணமான நாலாம் மாதம். என் வீட்டுக்காரர் ஒரு அச்சை மாட்டும்போது ஏதோ கோணலாக வைத்துவிட்டார். அச்சு விரிசல் விட்டுவிட்டது. பெரியவர் கத்தவில்லை. மேலே வந்து கை கழுவிக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு கீழே போனார். எனக்கு ஒன்றும் புரியாமல் பின்னாலேயே போனேன். இருபத்தெட்டு வயது ஆள், மீசை வைத்தவர், எனக்குப் புருஷன், சட்டையைக் கழற்றி மடித்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டு கழித்த தகட்டுத் துண்டுகளைப் போடும் ஸ்கிராப் தொட்டிப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றார். அந்தச் சட்டையை மடித்த விதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆறு அடி. ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டைக்குக் கீழே ஒரு வரி எழும்பியது. ஐந்தாவதில் தோல் பிய்ந்தது. வேலையாட்கள் அவரவர் பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முடிந்ததும் கயிற்றைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து, அவரே தம்பி முதுகில் தடவிவிட்டார். விரல் நடுங்காமல், ஒரு காயத்தையும் விடாமல் தடவினார். என்னைப் பார்த்து, "பயந்துட்டியாம்மா? பயப்படாத. தலைல ஒரு அடி உழுந்திருக்குதான்னு பாரு. நான் முறை தவற மாட்டன்" என்றார். நல்ல சமையல்காரர் உப்புப் பதம் சரியா என்று கேட்பது மாதிரி கேட்டார்.

இதையெல்லாம் சொன்னால் அவரை ராட்சசன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி நினைக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். என் மகள் வயிற்றில் இருந்தபோது வீட்டில் யாருக்கும் முன்னால் எனக்குத்தான் சோறு. கர்ப்பிணிக்கு விருந்தாளிக்கும் முன்னால் போட வேண்டும் என்று அதே புத்தகத்தில் இருந்தது, அதற்கும் சிவப்புக் கோடு. ஒரு நாள் பிராக்கெட் வாங்குகிற கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து மாடியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அக்கா, அதாவது பெரியவர் மனைவி, அவருக்கு இலை போட்டுவிட்டார். பெரியவர் அந்த இலையைத் தம் கையால் எடுத்து என் முன்னால் போட்டார். "சார் கொஞ்சம் இருங்க, வீட்ல மாசமா இருக்கற புள்ள சாப்புட்டுடட்டும்" என்றார். நான் நெளிந்துகொண்டே சாப்பிட்டேன். அந்த அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார். என் அப்பாகூட என்னை அப்படித் தாங்கினதில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பாசம் பொய் இல்லை.

எந்த விதி யாருக்கு என்பதில் மட்டும் அவர் ரொம்பக் கறார். பட்டியலில் வேலைக்காரன் இருக்கிறான் அல்லவா, யார் வேலைக்காரன் என்று ஒரு வாரம் யோசித்தார். கடைசியில், காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள் காண்ட்ராக்டரின் வேலைக்காரர்கள், அவர்களைத் தொடத் தமக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தார். தம் பதிவேட்டில் பெயர் இருக்கிற நாலு பேர்தான் அடிக்குரியவர்கள். நாலில் ஒருத்தர் முருகேசன், ராயக்கோட்டைக்காரர். மிஷினைப் பார்க்காமல் போன் பார்த்தார் என்று மூன்று அடி வாங்கினார். மறுநாள் வரவில்லை. அதிலிருந்து எங்கள் ஷாப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. ஓசூர் முழுக்க ஆட்கள் பர்மனென்ட் ஆக மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருக்க, எங்களிடம் மட்டும் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்றால் ஓடினார்கள். காண்ட்ராக்டர் என்னிடமே கேட்டார்: "என்னம்மா உங்க ஷாப்புல ஒருத்தனும் பர்மனென்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறான், என்னாத்துக்கு?"

ரஃபீக் பாய் என்று ஒருவர் அச்சு பழுது பார்க்க வருவார். கிருஷ்ணகிரிக்காரர், கைத்தொழில் அவ்வளவு சுத்தம். பெரியவரை நேருக்கு நேர் கிண்டல் செய்யும் தைரியம் அவருக்கு மட்டும் இருந்தது. "மொதலாளி, நான் பில்லு குடுத்து வேல செய்யறவன். உங்க லிஸ்டுல நான் வரமாட்டன், பாத்துக்கோங்க" என்பார். பெரியவரும் சிரித்துக்கொண்டு, "நீ வரமாட்ட பாய், பாத்துட்டன்" என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பார்த்திருப்பார். ஒருநாள் மாடிப்படியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பாய் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எங்க தெருவுலயும் இந்த மாதிரி ஒருத்தரு இருக்காரும்மா. புத்தகந்தான் வேற. கோடு போடற பேனா அதேதான்."

அக்காவும் பட்டியலில் இருந்தார். பெரியவருக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருஷம். கழுத்து வரை மூடின ரவிக்கைதான் போடுவார். ஒரு தடவை சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போய் வந்தார் என்று பெரியவர் கயிற்றை எடுத்தார். "திரும்பு" என்றார். அக்கா திரும்பவில்லை. கயிறு இறங்குகிற நேரம் பார்த்துக் குனிந்து தலையை நீட்டிவிட்டார். அடி உச்சியிலும் காதிலும் விழுந்தது. காதுமடல் கிழிந்து ரத்தம் தோடு வழியாகச் சொட்டியது. பெரியவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். முகம் வெளுத்துப்போய், "ஏன்டி இப்பிடிப் பண்ண, என்னப் பாவியாக்கிட்டியே" என்றார். அன்றைக்கும் மறுநாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா காதுக்கு மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கயிற்றை எடுத்தாலே அக்கா தலையை நீட்டுவார். அவர் கயிற்றை மாட்டிவிட்டுப் போய்விடுவார். "பதினெட்டு வருசமா எனக்கு இது தோணல பாரு செல்வி" என்று அக்கா என்னிடம் சொன்னார். "உன் ஊட்டுக்காரனுக்கும் சொல்லிக் குடு." நான் அன்றைக்கே சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. "அண்ணனுக்குப் பாவம் வந்துரும்" என்றார். முதுகு முழுக்கத் தழும்பு வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை இந்த வீட்டிலிருந்து எப்படிப் பெயர்த்து எடுப்பது, முதுகு தவிர வேறொன்றும் மிச்சமில்லாமல் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே அதற்குப் பிறகு என் நினைப்பாக இருந்தது. வேறு கம்பெனியில் வேலை இருக்கிறது என்பேன். அவர் எழுந்து கீழே ஷாப்புக்குப் போய்விடுவார்.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தை நானே படிப்பது என்று உட்கார்ந்தேன். பெரியவர் தகடு வாங்கப் போகும் மத்தியான நேரங்களில் படித்தேன். முதலில் நான் தேடினது என்ன தெரியுமா? தம்பி பெண்டாட்டி என்று எங்காவது இருக்கிறதா என்றுதான். இல்லை. பட்டியலில் நான் இல்லை. எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. கீழே சுவரைப் பார்த்து நிற்கிறவர் என் புருஷன், எனக்கு வந்ததோ நான் தப்பித்தேன் என்கிற ஆறுதல். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கோடு போடாத பக்கங்களைப் படித்தேன். பூண்டு கூடாது, வெங்காயம் கூடாது, காளான் கூடவே கூடாது. பெரியவருக்குக் காளான் குழம்பு என்றால் உயிர். அதெல்லாம் ஐயருங்களுக்கு என்பார். எங்களைப் போன்ற சாதிக்காரர்கள் அந்த சாஸ்திரத்தைக் காதாலும் கேட்கக் கூடாது, பொருள் சேர்க்கக் கூடாது என்கிற மாதிரி பக்கம் பக்கமாக இருந்தது. அங்கே கோடே இல்லை. அந்தப் பக்கங்களில் அவர் விரல் பட்ட அழுக்குகூட இல்லை. இன்னொரு இடத்தில் பாவங்களின் நீண்ட வரிசை ஒன்று. அதன் நடுவில், பெரிய எந்திரங்களை வைத்து ஓட்டுவதும் பாவம் என்று இருந்தது. நான் அதை நாலு தடவை படித்தேன். கீழே ஒன்பது பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தன.

நாகம்மாவுக்கு விரல் போனது அந்த ஆவணியில். கெலவரப்பள்ளி அணைப் பக்கத்து ஊர்ப் பெண், மூன்றாம் நம்பர் பிரஸ். பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அவசர ஆர்டர் வந்தால் ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்தின வாக்கிலேயே ஒட்டிவிடுவார்கள். அப்போது ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். எண்ணிக்கை இரண்டு மடங்காகும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஷாப்பில் நடக்கிற வேலைதான். பெரியவர் ஒன்பதிலும் ஒட்டச் சொன்னார். மூன்றாம் நாள் நாகம்மாவின் நடுவிரலும் மோதிர விரலும் பாதிக்குமேல் அச்சுக்குள் நசுங்கின. அவள் கன்னடத்தில் அம்மாவைக் கூப்பிட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. நான் இறங்கி வரும்போது தகட்டின்மேல் ரத்தமும் எண்ணெயும் கலந்து ஓடியது. பிராக்கெட் மட்டும் அளவு பிசகாமல் விழுந்து கிடந்தது.

பெரியவர்தான் தம் துண்டைச் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வாசலிலேயே கிடந்தார். அவளுடைய குழந்தைகளுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் பிரஸ்கள் மெதுவாக ஓடுகின்றன. ஒன்பது மிஷினிலும் டேப்பை வெட்டி எறிந்திருந்தது. கம்பெனி லாரி பாதிச் சரக்கோடு போயிருந்தது.

டீ நேரம். நான் கீழே டீ கொண்டு வந்திருந்தேன். ஆட்கள் எல்லோரும் டம்ளரோடு நின்றார்கள். "எவன்டா டேப்ப வெட்டினது?" என்று பெரியவர் கேட்டார்.

"நான்தாண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். "இன்னொரு வெரலு போனா என்னால பாக்க முடியாதுண்ணா."

எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அண்ணனை மீறி அவர் செய்த ஒரே காரியம் அது. இனி இவரை வெளியே கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். பெரியவர் கையை நீட்டினார். யாரோ மாடிக்குப் போய் ஆணியிலிருந்த கயிற்றை எடுத்து வந்து கொடுத்தார்கள். "சட்டையக் கழட்டு" என்றார். என் வீட்டுக்காரர் கழற்றினார். மடித்து ஸ்டூல்மேல் வைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பினார்.

நான் டீ கேனைக் கீழே வைத்துவிட்டுப் போய் நடுவில் நின்றேன். "அவரு என்னாங்க மாமா தப்பு பண்ணாரு?"

"சொன்ன சொல்ல மீறினான். நகரும்மா."

"அதே புத்தகத்துல இன்னொண்ணும் இருக்குதுங்க. பெரிய மிஷின வெச்சு ஓட்டறதே பாவம்னு. அதுக்கு ஏன் கோடு போடல?"

பெரியவர் கோபப்படவில்லை. நான் படித்திருக்கிறேன் என்பதில் அவருக்குச் சந்தோஷம்கூட இருந்ததோ என்னவோ. பாடம் சொல்கிற குரலில், "அது அந்தக் காலத்துக்கு எழுதினது" என்றார்.

"அப்போ இது?"

"இது எந்தக் காலத்துக்கும். நகரு."

நான் நகரவில்லை. அவர் கயிற்றை ஓங்கவில்லை. ஓங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், பட்டியலில் நான் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நின்றேன், மறைப்பானேன். மூன்று தடவை நகரச் சொன்னார். மூன்று தடவையும் நின்றேன். பிறகு அவர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்து யோசித்தார். எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

"டேய், திரும்பு. இவ உன் பொண்டாட்டி. என் கை இவமேல படக் கூடாது. உன் கை படலாம்." கயிற்றைத் தம்பியிடம் நீட்டினார்.

நான் திரும்பி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். அவர் அதைத் தூக்கி எறியப் போகிறார், நாங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போகிறோம் என்று அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். "திரும்பிக்கோ செல்வி" என்றார்.

முதல் அடியில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. முன்னால் இருந்த ஸ்கிராப் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தகட்டு விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. இரண்டாவது அடிக்குத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பயமும் இல்லை. இத்தனை வருஷம் வாங்கினதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது போல ஒரு நிம்மதி. மூன்று, நாலு. எண்ணியது அவர்தான், வாய்க்குள். ஐந்தாவதுக்குக் கை ஓங்கும்போது பெரியவர் போய் அதைப் பிடித்தார். "போதும்டா. பொம்பள" என்றார்.

ஆட்கள் டம்ளரை வைத்துவிட்டு மிஷினுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு அடி இல்லை. டேப் ரோலை எடுத்து, ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பிரஸ்ஸாகப் பட்டனில் அவரே சுற்றிக்கொண்டு வந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது நாலாவதில் சுற்றிக்கொண்டிருந்தார்.

காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் வரவில்லை. மூன்றாம் வாரம் பெரியவர் வந்தார், தனியாக, ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு. வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மனிதர் இளைத்துப் போயிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் புத்தகம்.

"உனக்கு நான் என்னம்மா கொற வெச்சன்? ஒரு நாளாச்சும் உன்மேல கை வெச்சிருக்கறனா?"

"இல்லீங்க மாமா."

"உன்னத் திட்டியிருக்கறனா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏன் வரமாட்டேங்கற? அவன் சாப்புடறதில்ல. தூங்கறதில்ல. நாலு அடி உழுந்தது தப்புதான்னா அவன நான் கேக்கறன். ஆனா முதுகுலதான அடிச்சான்." கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. பொய்க் கண்ணீர் இல்லை, அந்த ஆளுக்குப் பொய்யே வராது. எனக்கும் அழுகை வந்தது. அந்த வீட்டில் எனக்கு முதலில் சோறு போட்ட கை அது. அம்மா உள்ளேயிருந்து அவரோடு போ, போய்விடு என்று எனக்கு ஜாடை காட்டினாள். என் அப்பா மாம்பழக் கூழ் பேக்டரியில் சீசனுக்குச் சீசன் கூலி வேலை. எத்தனை நாள் அவர் எங்களுக்குச் சோறு போடுவார் என்கிற கணக்கு என் மனதிலும் ஓடியது. போய்விடலாம் என்று பாதி மனது எழுந்துவிட்டது. மகள் வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வயது அப்போது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறன் மாமா. நாளைக்கு இவ ஏதாச்சும் தப்பு பண்ணா, இவள அடிப்பீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவர் வாயிலிருந்து யோசிக்காமல் அது வந்திருந்தால், நான் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போயிருப்பேன். அவர் என் மகளைப் பார்த்தார். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாகலூர்ச் சந்தை முழுக்கச் சுற்றினவர். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, பக்கம் புரட்ட ஆரம்பித்தார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டேன். அம்மா ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அரை மணி நேரம் இருக்கும். கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"செல்வி. அம்மா செல்வி." அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். "நல்லாப் பாத்துட்டன்ம்மா, ரெண்டு தடவ. பொண்ணு அதுல வரல. நீ தைரியமா வா."

நான் திறக்கவில்லை.